பாஸும் எடுபடவில்லை, ஓட்டமும் நகரவில்லை: தடுமாறும் ஆஃபென்ஸை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

அமெரிக்கன் ஃபுட்பாலில் பாஸும் ஓட்டமும் பாதிக்குப் பாதி இருந்தால்தான் சமநிலை என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வையுங்கள். 2019-இல் பால்டிமோர் ரேவன்ஸ் ஒரே சீசனில் 3,296 யார்டு ஓடி என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) சாதனை படைத்தது. அதில் 1,206 யார்டு பந்து வீசும் வீரரான குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனுடையது. விகிதத்தை மட்டும் பார்த்தால் அது ஓட்டத்தின் பக்கம் சாய்ந்த அணி. ஆனால் அதே சீசனில் 36 டச்டவுன் பாஸ் வீசி லீகில் முதலிடம் பிடித்தவரும் ஜாக்சன்தான். ஓட்டத்தை அடைக்க டிஃபென்ஸ் (பந்து இல்லாத எதிரணி) ஆள் சேர்த்தால் பாஸில் அடி விழ வேண்டும், பாஸைக் காக்க ஆள் பின்வாங்கினால் ஓட்டத்தில் அடி விழ வேண்டும். இது நடக்கிற அணிக்கு விகிதம் 60-40 ஆனாலும் 35-65 ஆனாலும் கவலையில்லை. நடக்காத அணி 50-50 என்று கணக்காக அழைத்தாலும் மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) போய்த்தான் மாட்டும்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பள்ளி, கல்லூரி, கிளப் அளவில் பிளே (ஒரு முயற்சிக்கான திட்டம்) அழைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. எடுத்துக்காட்டுகள் என்எஃப்எல்லிலிருந்து வருகின்றன, காரணம் அந்த வீடியோவை எல்லோரும் பார்க்க முடியும்.

கை வைக்கும் முன் கணக்கெடுங்கள்

கடைசி மூன்று ஆட்டங்களின் வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவைக்கும்) ஒரு வரி, எட்டு கட்டம்: டவுன், தேவைப்படும் தூரம், பந்து எந்த ஹாஷில் (மைதானத்தின் நீளவாக்கில் உள்ள இரு குறி வரிசைகளில்), எந்த ஆள் தொகுப்பு, குவார்ட்டர்பேக் சில யார்டு பின்தள்ளி ஷாட்கன்னிலா, பந்தைக் கொடுக்கும் சென்டருக்குப் பின்னாலேயே ஒட்டியா, பாக்ஸில் எத்தனை டிஃபெண்டர், அழைத்த பிளே, கிடைத்த யார்டு. பாக்ஸ் என்றால் லைனின் (முன்வரிசைத் தடுப்பாளர் ஐவரின்) இரு முனைக்கும் இடையில், பந்து இருக்கும் கோட்டிலிருந்து ஏறக்குறைய 5 யார்டு ஆழத்துக்குள் நிற்பவர்கள். ஸ்நாப் ஆகும் நொடியில் எண்ணுங்கள். சேஃப்டி (டிஃபென்ஸின் பின்வரிசை ஆள்) கடைசி நேரத்தில் இறங்கி வருவது வழக்கம் என்பதால் அதற்கு முன் எண்ணினால் தப்பாகிவிடும்.

பக்கத்தில் வெற்றியா தோல்வியா என்று ஒரு குறி போடுங்கள். பரவலாகப் புழங்கும் அளவு: முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் 60 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுத்தூரம். முதல் டவுனில் 10 யார்டு வேண்டுமென்றால் 4 கிடைத்தாலே வெற்றி. மூன்றாவது டவுனில் 7 வேண்டிய இடத்தில் 6 கிடைத்தால் தோல்வி. சராசரி யார்டை நம்பாதீர்கள். ஒரே ஒரு 60 யார்டு ஓட்டம் பத்து மோசமான ஓட்டங்களை மறைத்துவிடும்.

இரண்டு இடத்தில் எண்கள் ஏமாற்றும். கல்லூரி, பள்ளிப் புள்ளிவிவரங்களில் சாக் ஆன (குவார்ட்டர்பேக் பந்து வீசும் முன் வீழ்த்தப்பட்டு இழந்த) யார்டு ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகிறது. என்எஃப்எல்லில் அது பாஸ் கணக்கில் போகும். ஆகவே '35 ஓட்டம், 82 யார்டு' என்று தாளில் இருந்தால் பதறாதீர்கள். அதில் 6 சாக்கில் 38 யார்டு போயிருந்தால், உண்மையான ஓட்டம் 29 தடவை, 120 யார்டு. ஒரு ஓட்டத்துக்கு 2.3 என்று தெரிந்தது 4.1 ஆகிவிடும். நோய் ஓட்டத்தில் இல்லை, பாஸ் பாதுகாப்பில் இருக்கிறது. இந்த ஒரு கணக்கைச் செய்யாமல் லைனைத் திட்டித் தீர்க்கும் பயிற்சியாளர்கள் ஏராளம்.

இன்னொன்று, '30 தடவை ஓடினால் ஜெயிப்போம்' என்ற வாய்ப்பாடு. முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கரைக்கக் கடைசியில் ஓடுகிறது. ஓடியதால் ஜெயித்தது என்பதை விட, ஜெயித்துக்கொண்டிருந்ததால் ஓடியது என்பதுதான் பெரும்பாலும் உண்மை. நான்காவது குவார்ட்டரில் வித்தியாசம் 14 புள்ளிக்கு மேல் போன பிறகு நடந்த ஸ்நாப்புகளைத் தனியே பிரித்து வையுங்கள்.

கடைசியாக, மூன்றாவது டவுனில் சராசரியாக எத்தனை யார்டு தேவைப்பட்டது என்று பாருங்கள். 7-க்கு மேல் என்றால் மூன்றாவது டவுன் பிளேக்களைத் திருத்திப் பயனில்லை. கோளாறு முதல் இரண்டு டவுனில் இருக்கிறது.

அறிகுறி: முதல் டவுனில் ஓடினால் 2 யார்டு, எப்போதும் 'இரண்டாவது டவுன், 8' என்றே நிற்கிறது

அநேகமாக இது வெறும் கூட்டல் கழித்தல். ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ஒரு டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்), மூன்று ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) உள்ள தொகுப்பில் தடுக்க 6 பேர்: லைன்மேன் ஐவர், டைட் எண்ட் ஒருவர். பாக்ஸில் 6 டிஃபெண்டர் என்றால் ஆளுக்கு ஆள் சரி, ஓடலாம். 7 என்றால் ஒருவன் தடுப்பாரில்லாமல் நிற்கிறான், அவன்தான் 2 யார்டில் பிடிக்கிறான். 8 பேருக்குள் ஓடுவது வீம்பு.

முதல் டவுன் ஓட்டங்களை மட்டும் எடுத்து பாக்ஸ் எண்ணிக்கை வாரியாகப் பிரியுங்கள். 6 பேர் பாக்ஸில் நன்றாக ஓடி, 7 பேர் பாக்ஸில் மட்டும் மாட்டிக்கொள்கிறீர்கள் என்றால் உங்கள் லைன் நல்ல லைன், அழைப்புதான் பிழை. 6 பேர் பாக்ஸிலும் 2 யார்டுதான் என்றால் தடுப்பில் கோளாறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அழைப்பு பிழை என்றால் மூன்று வழி. குவார்ட்டர்பேக்குக்கு ஓடத் தெரியுமென்றால் ஸோன் ரீட். ஓட்டம் போகாத பக்கத்து டிஃபென்சிவ் எண்டை (எதிரணி முன்வரிசை ஓரத்து ஆளை) வேண்டுமென்றே தடுக்காமல் விடுங்கள். அவன் தோள் ரன்னிங் பேக் பக்கம் திரும்பினால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும். தோள் நேராகவே இருந்தால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒருவனைத் தடுக்காமலே கழித்துவிட்டதால் 7 பேர் பாக்ஸ் மீண்டும் 6 ஆகிறது.

குவார்ட்டர்பேக் ஓட மாட்டார் என்றால் ஆர்பிஓ, அதாவது ஓட்டமா பாஸா என்று ஸ்நாப்புக்குப் பின் முடிவெடுக்கும் பிளே. லைன் இன்சைட் ஸோன் (நடுப்பக்கம் போகும்) ஓட்டத்துக்கே தடுக்கும். ஏழாவது ஆளாக வரும் லைன்பேக்கரையோ (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் டிஃபெண்டரையோ) ஸ்லாட் பக்கம், அதாவது லைனுக்கும் ஓரத்து ரிசீவருக்கும் இடையில், நிற்பவனையோ மட்டும் குவார்ட்டர்பேக் பார்க்கிறார். அவன் ஓட்டத்துக்குள் காலடி வைத்தால், அவன் விட்டுவந்த இடத்துக்குப் பாஸ். நின்றால் ஓட்டம். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை: குவார்ட்டர்பேக் யோசித்துக்கொண்டே நிற்பார், அதற்குள் கார்ட் (சென்டருக்குப் பக்கத்து லைன்மேன்) லைன்பேக்கர் மட்டத்துக்கு ஏறியிருப்பார், அபராதக் கொடி விழும். பந்து வீசப்படும் முன் என்எஃப்எல்லில் லைன்மேன் 1 யார்டு, கல்லூரியில் 3 யார்டுதான் முன்னேறலாம். பந்து ஒன்றரை நொடிக்குள் கையை விட்டுப் போகாவிட்டால் அந்த பிளேயை அந்த வாரம் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது வழி எல்லாவற்றிலும் எளிது: முதல் டவுனிலேயே சின்ன பாஸ். பயிற்சியாளர் பில் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1980-களில் செய்தது இதுதான். ஓட்டத்தில் கிடைக்க வேண்டிய 5 யார்டைக் குறுகிய, நேரம் தப்பாத பாஸில் எடுத்தார். ஹிட்ச் (ஓடி நின்று திரும்புவது), ஸ்லாண்ட் (உட்பக்கம் சாய்ந்து ஓடுவது), ஃபிளாட் (கோட்டருகே ஓரம்) பக்கம் ஒரு வேகப் பாஸ், இந்த மூன்று போதும்.

தடுப்பில் கோளாறு என்றால் எண்ட் ஸோன் பின்னாலிருந்து எடுத்த வீடியோவைப் போட்டு முதல் இரண்டு அடிகளை மட்டும் பாருங்கள். பவர் என்ற ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டம் போகும் பக்கத்து கார்டும் அவருக்கு வெளியே நிற்கும் டாக்கிளும் சேர்ந்து டிஃபென்சிவ் டாக்கிளை (எதிரணி முன்வரிசை நடு ஆளை) இரட்டையாகத் தள்ள வேண்டும், எதிர்ப்பக்கத்து கார்ட் பின்வாங்கிச் சுற்றி வந்து துளைக்குள் புகுந்து லைன்பேக்கரை இடிக்க வேண்டும். கெட்டுப்போவது பெரும்பாலும் இரட்டைத் தள்ளலில்தான். இருவரும் லைன்பேக்கரைத் தேடித் தலையைத் தூக்குகிறார்கள், டிஃபென்சிவ் டாக்கிள் ஓர் அங்குலம்கூட நகராமல் அங்கேயே நிற்கிறான், துளை மூடிக்கொள்கிறது. இடுப்போடு இடுப்பு ஒட்டி, அவனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருங்கள். லைன்பேக்கர் தங்கள் மட்டத்துக்கு வந்த பிறகு, அவன் எந்தப் பக்கம் தெரிகிறானோ அந்தப் பக்கத்து ஆள் மட்டும் பிரிந்து அவனை எடுக்க வேண்டும். அதற்கு முன் யாரும் பிரியக் கூடாது.

சுற்றி வரும் கார்ட் ஆழமாகப் பின்வாங்கினால் துளைக்குத் தாமதமாக வருவார். ஒரு யார்டு ஆழம் போதும், இரட்டைத் தள்ளலின் குதிகாலை உரசிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். அவர் சரியாக வந்தும் ரன்னிங் பேக் அவருக்கு முன்னாலேயே துளைக்குப் போய்விடுகிறார் என்றால், ரன்னிங் பேக்குக்கு முதலில் பக்கவாட்டில் ஒரு அடி வைக்கச் சொல்லுங்கள். அந்த அரை நொடி பெரிய வித்தியாசம் செய்யும். வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம், ஓட்டத்துக்கு மட்டும் ஒதுக்கி, இரண்டே இரண்டு ஓட்டங்களைத் திரும்பத் திரும்பப் பழகுங்கள். ஏழெட்டு ஓட்டம் வைத்துக்கொண்டு எதையும் உருப்படியாகச் செய்யாத அணிகளே அதிகம்.

அறிகுறி: முதல் டவுன் பாஸ் தவறியதும் கை தானாக ஓட்டத்துக்குப் போகிறது

இரண்டாவது டவுன், 10 யார்டு. பாஸ் தவறியதால் மனம் பாதுகாப்பைத் தேடுகிறது, 'இந்தத் தடவை ஓடிவிடுவோம்' என்கிறது. உங்களுக்குத் தோன்றியது எதிரணிக்கும் தெரியும். 3 யார்டு கிடைக்கும், மூன்றாவது டவுனில் 7 வேண்டும், டிஃபென்ஸ் குஷியாக பாஸ் ரஷ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ச்சல்) அனுப்பும். உங்கள் அட்டவணையில் 'தவறிய பாஸுக்குப் பின் இரண்டாவது டவுன்' என்பதைத் தனியாக வடிகட்டுங்கள். பத்தில் ஏழு எட்டு ஓட்டம் என்றால் பழக்கம் முற்றிவிட்டது. 10 யார்டையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, 6 எடுத்தால் வெற்றி. ஸ்கிரீன் (லைன்மேனை முன்னால் விட்டு வீசும் சின்ன பாஸ்), ஆர்பிஓ, ஐந்து ஆறு யார்டு ஆழத்தில் ஒரு ஹிட்ச். ஓடியே தீர வேண்டுமென்றால் டிரா. பாஸ் என்று நம்பி எதிரணி லைன் முன்னேறி வரும்போது அதன் நடுவில் ஓடுவது டிரா, ஆகவே இந்த இடத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

அறிகுறி: ஓட்டம் போகிறது, ஆனால் பிளே ஆக்‌ஷன் (ஓட்டம் போல நடித்து வீசும் பாஸ்) எவரையும் ஏமாற்றவில்லை

'முதலில் ஓட்டத்தை நிலைநாட்டினால்தான் பிளே ஆக்‌ஷன் எடுபடும்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். என்எஃப்எல் தரவுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. லைன்பேக்கர் உங்கள் சராசரி யார்டைப் பார்த்து முன்னே வருவதில்லை. எதிரே நிற்கும் கார்டின் தலையும் முதல் அடியும் எப்படி அசைகின்றன என்று பார்த்து வருகிறான். அந்த அசைவு ஓட்டம் போலவே இருந்தால், நீங்கள் அன்று மோசமாக ஓடியிருந்தாலும் அவன் ஓரடி முன்னே வைப்பான். அந்த ஓரடி போதும்.

அதனால் பிளே ஆக்‌ஷன் எடுபடாவிட்டால் முதலில் லைன்மேன் தலையைப் பாருங்கள். ஸ்நாப் ஆனதுமே நிமிர்ந்து பின்வாங்கினால் அது பாஸ் என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். தலை தாழ்ந்து, தோள் முன்னே, முதல் இரண்டு அடி உங்கள் உண்மையான ஓட்டத்தின் அடிகளாகவே இருக்க வேண்டும். அடுத்து, குவார்ட்டர்பேக்கின் கை. பந்தை ரன்னிங் பேக் வயிற்றருகே நீட்டாமல், ஒரு கை அசைப்போடு முடித்துக்கொண்டால் சேஃப்டி அசைய மாட்டான். மூன்றாவது, உங்களிடம் இல்லாத ஓட்டத்தை நடிக்காதீர்கள். அவுட்சைட் ஸோனை (ஓரம் நோக்கிய ஓட்டத்தை) ஒரு ஆட்டத்தில் இரண்டு தடவை மட்டும் ஓடும் அணி அதையே பத்துத் தடவை நடித்தால் வீடியோ பார்த்த எந்த லைன்பேக்கரும் சிரிப்பான்.

அழைக்கும் நேரமும் முக்கியம். முதல் டவுன், இரண்டாவது டவுனில் 4 யார்டுக்குள், இவைதான் இடம். மூன்றாவது டவுன் 9 யார்டில் ஓட்டம் நடித்தால் ஏமாறப்போவது உங்கள் குவார்ட்டர்பேக்தான். முதுகைக் காட்டித் திரும்பிய அந்த ஒரு நொடியில் பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களோடு வரும் பாய்ச்சல்) வந்து சேர்ந்திருக்கும். பாஸின் இலக்கு முன்னேறிய லைன்பேக்கருக்கும் பின்னால் நிற்கும் சேஃப்டிக்கும் இடைப்பட்ட 12 முதல் 18 யார்டு. நடிப்பு அருமையாக இருந்து, ரிசீவரை 5 யார்டில் நிறுத்தி வைத்தால் காலியான இடத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் வீசுகிறீர்கள்.

அறிகுறி: குவார்ட்டர்பேக் கீழே விழுந்துகொண்டே இருக்கிறார்

'சாக் அதிகம், ஓட்டத்தைக் கூட்டுவோம்' என்பது எளிய பதில், பல நேரம் தவறான பதில். சாக் ஒவ்வொன்றையும் நிறுத்தி வைத்து இரண்டு எண் எடுங்கள்: எத்தனை பேர் பாய்ந்தார்கள், பந்து எத்தனை நொடி கையில் இருந்தது.

நான்கு பேர் பாய்ந்து, ஐந்தாறு பேர் தடுத்தும், இரண்டரை நொடிக்குள் அடி விழுந்தால் ஓர் ஆள் தோற்கிறார். யார் என்று கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் ஒரே டாக்கிளாகத்தான் இருக்கும். அவருக்கு உதவி கொடுங்கள். டைட் எண்டோ ரன்னிங் பேக்கோ வெளியே பாஸுக்குப் போகும் வழியில் எண்டை ஒரு இடி இடித்துவிட்டுப் போகலாம். அல்லது லைன் முழுவதும் அவர் பக்கம் சாயலாம். ஆறு பேர் பாய்ந்து, ஒருவன் தொடாமலே வந்தால் அது ஆள் பலவீனம் இல்லை, அடையாளப் பிழை. சென்டர் எந்த லைன்பேக்கரை மையமாகக் காட்டினாரோ, ரன்னிங் பேக் வேறொருவனைப் பார்த்தார். ஸ்நாப்புக்கு முன் சென்டர் விரல் நீட்டி எண்ணைச் சொல்லவும், ரன்னிங் பேக் அதைத் திருப்பிச் சொல்லவும் பழக்குங்கள். அதோடு பிளிட்ஸ் வந்த இடத்துக்கே வேகமாகப் பாஸ் போக ஒரு ரிசீவராவது தயாராக இருக்க வேண்டும்.

பந்து மூன்று நொடிக்கு மேல் கையில் இருந்து சாக் ஆனால் லைனை விட்டுவிடுங்கள். பாதைகள் மெதுவாக இருக்கின்றன, அல்லது குவார்ட்டர்பேக் முதல் ஆளை விட்டு அடுத்தவருக்குக் கண்ணை மாற்றவில்லை. ஷாட்கன்னிலிருந்து ஒரே அடி பின்வாங்கி வீசும் பாஸ்களை அதிகமாக்குங்கள். ஆழமான பாதைகளை ஒரு ஆட்டத்துக்கு ஐந்தாறு தடவையோடு நிறுத்துங்கள்.

பாயும் லைனைத் தயங்க வைக்க ஸ்கிரீனைப் போல வேறொன்றில்லை. ஆனால் பாதி அணிகள் அதைக் கெடுத்துவிடும். ரன்னிங் பேக் உடனே ஓரமாக நழுவினால் டிஃபென்சிவ் எண்ட் மோப்பம் பிடித்துவிடுவான். முதலில் தடுப்பவர் போல நிலைகொண்டு, ஓர் இடி கொடுத்து, பிறகு மெதுவாக நழுவ வேண்டும். லைன்மேன் மூவர் இரண்டு எண்ணும் வரை உண்மையாகவே தடுத்துவிட்டு வெளியே போக வேண்டும். அதற்கு முன் போனால் குவார்ட்டர்பேக்குக்கு வீச நேரமிருக்காது, மூன்று எண்ணினால் ரன்னிங் பேக்குக்கு முன்னால் ஆளிருக்காது. வெளியே போன முதல் லைன்மேன் ஓரத்து டிஃபெண்டரான கார்னரை வெளிப்பக்கம் தள்ளுகிறார், இரண்டாமவர் நேராக மேலே ஏறுகிறார். மூன்றாமவர் உட்பக்கம் திரும்பி, துரத்தி வரும் லைன்பேக்கரை மறிக்கிறார். இந்த மூன்றாமவரைத்தான் எல்லோரும் மறப்பது. 8 யார்டு கிடைக்க வேண்டிய ஸ்கிரீன் 1 யார்டில் பின்னாலிருந்து பிடிபடுவது அவர் திரும்பாததால்.

அறிகுறி: ஸ்நாப்புக்கு முன்பே எதிரணி 'ஓட்டம், ஓட்டம்' என்று கத்துகிறது

கத்துகிறார்கள் என்றால் எங்கோ காட்டிக்கொடுக்கிறீர்கள். அட்டவணையில் ஒவ்வொரு ஃபார்மேஷனுக்கும் (வீரர்கள் நிற்கும் அமைப்புக்கும்) ஓட்ட, பாஸ் விகிதம் எடுங்கள். குறைந்தது பத்துத் தடவை பயன்படுத்திய ஃபார்மேஷனில் ஒரு பக்கம் 80 சதவீதத்தைத் தாண்டினால் எதிரணிப் பயிற்சியாளர் தாளில் அது சிவப்பு மையில் இருக்கும். சென்டருக்குப் பின்னாலேயே நின்றால் ஓட்டம், ஷாட்கன் என்றால் பாஸ் என்பதுதான் மிகப் பரவலான ஓட்டை. அடுத்தது ரன்னிங் பேக் நிற்கும் ஆழம். அதற்கும் அடுத்தது லைன்மேன் கை: ஓட்டத்துக்கு விரல் மீது பாரம் போட்டு முன்னே சாய்கிறார், பாஸுக்குப் பாரத்தைக் குதிகாலுக்கு மாற்றுகிறார். விரல் கணு வெளுத்திருப்பதை எதிரே நிற்பவன் மூன்றடி தூரத்திலிருந்து பார்க்கிறான்.

பதிலுக்குப் புது பிளே பத்து எழுதாதீர்கள். எந்த ஃபார்மேஷன் காட்டிக்கொடுக்கிறதோ அதிலிருந்தே, அதே அசைவோடு தொடங்கும் எதிர்ப் பிளே ஒன்றைச் சேருங்கள். 2018-இல் ஷான் மெக்வே பயிற்சியளித்த லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் ஏறக்குறைய எல்லா ஸ்நாப்பிலும் மூன்று ரிசீவர் தொகுப்போடு வந்தது. அவுட்சைட் ஸோனும் அதிலிருந்து கிளம்பும் பிளே ஆக்‌ஷனும் முதல் நொடியில் ஒன்று போலவே இருக்கும். பார்ப்பதற்குப் பலவாகவும் கற்பதற்குச் சிலவாகவும் இருந்த ஆஃபென்ஸ் அது.

அதற்கும் முட்டுக்கட்டை உண்டு என்பதை அந்த சீசனின் சூப்பர் பவுலில் (இறுதி ஆட்டத்தில்) நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் காட்டியது. கோட்டின் மேல் ஆறு பேரைப் பரப்பி நிறுத்தி ஓரங்களை அடைத்தது, அவுட்சைட் ஸோன் ஓட வெளியே இடமில்லை. ராம்ஸ் எடுத்தது மொத்தம் 3 புள்ளி, 13-3 தோல்வி. உங்களுக்கு இப்படி ஒரு சுவர் எதிரே வந்தால் வெளியே ஓடுவதை விடாப்பிடியாகச் செய்யாதீர்கள். கோட்டில் ஆறு பேர் நின்றால் அவர்களுக்குப் பின்னால் நடுவில் லைன்பேக்கர் குறைவு. உள்பக்க ஓட்டமும், நடுவில் வேகமாகப் போகும் பாஸும்தான் அங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஹாஷையும் பாருங்கள். பள்ளி மைதானத்தில் ஹாஷ்கள் மைதானத்தை மூன்று சம பாகமாகப் பிரிக்கின்றன, கல்லூரியில் இடைவெளி 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பள்ளியில் பந்து ஓரத்து ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் மிக அகலம், மறுபக்கம் மிகக் குறுகல். எப்போதும் அகலப் பக்கமே ஓடினால் டிஃபென்ஸ் அங்கே ஆளைக் கூட்டிவிடும், குறுகல் பக்கம் எண்ணிக்கையில் உங்களுக்கு லாபமாகக் கிடக்கும்.

அறிகுறி: நடு மைதானத்தில் பறக்கிறது, 10 யார்டுக்குள் வந்ததும் நின்றுவிடுகிறது

எண்ட் ஸோன் ஆழம் 10 யார்டுதான். 8 யார்டு கோட்டில் இருந்தால் முன்னே மொத்தம் 18 யார்டு. சேஃப்டிகளுக்குப் பின்வாங்க இடமில்லை, அதனால் அவர்களும் பாக்ஸுக்கு வந்துவிடுகிறார்கள். நடு மைதானத்தில் 6 ஆக இருந்த பாக்ஸ் இங்கே 8. குவார்ட்டர்பேக் ஓட்டத்துக்கு இங்கேதான் அதிக மதிப்பு. பந்தைக் கொண்டுபோகிறவரே அவராக இருந்தால், சும்மா நிற்கும் ரன்னிங் பேக் தடுப்பவராகிவிடுகிறார். 1 யார்டு வேண்டுமென்றால் சென்டர் முதுகில் ஒட்டிக்கொண்டு தள்ளும் ஸ்நீக்கை விட்டுவிட்டு ஆறு யார்டு பின்னால் ஷாட்கன்னில் நிற்பதற்குக் காரணம் தேவை.

2015 பிப்ரவரி சூப்பர் பவுலில் சியாட்டில் 1 யார்டு கோட்டில், 26 நொடி மிச்சம், கையில் ஒரு டைம் அவுட், இரண்டாவது டவுன். பாஸ் அழைத்தார்கள், நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பறித்தார், 28-24 தோல்வி. ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்சிடம் கொடுக்காததை இன்றுவரை திட்டுகிறார்கள். நேரக் கணக்குப்படி அந்த மூன்று டவுனில் ஒன்று பாஸாக இருப்பதில் தப்பில்லை: தவறிய பாஸ் கடிகாரத்தை நிறுத்தும், டைம் அவுட் மிஞ்சும். தப்பு பாதைத் தேர்வில். ஆள் நெரிசலான உட்பக்கம் போகும் ஸ்லாண்ட் அது. தவறினால் தரையிலோ கோட்டுக்கு வெளியேயோ மட்டும் விழக்கூடிய ஓர் ஓரத்துப் பாஸ் அந்த இடத்துக்குப் பொருத்தம். கோல் கோட்டில் பாஸ் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பறிபோகாத பாஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முன்னிலை கிடைத்தும் ஆட்டத்தை மூட முடியவில்லை

எதிரணியிடம் டைம் அவுட் இல்லையென்றால், மைதானத்துக்குள் முடியும் ஒவ்வொரு ஓட்டமும் 40 நொடி பிளே கடிகாரத்தைக் கரைக்கும். மூன்று ஓட்டத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடம். பாஸ் தவறினால் அந்த 40 நொடி பரிசாகப் போகிறது.

2017 பிப்ரவரி சூப்பர் பவுலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்ற முன்னிலையைத் தொலைத்தது ஊரறிந்த கதை. அதில் பாடமாக எடுக்க வேண்டிய இடம் ஒன்றே. 28-20, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, பந்து நியூ இங்கிலாந்தின் 22 யார்டு கோட்டில். அங்கிருந்தே ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்தால் 40 யார்டு தூரம்தான். விழுந்தால் 11 புள்ளி வித்தியாசம், எதிரணிக்கு இரண்டு தடவை ஸ்கோர் வேண்டும். முதல் ஓட்டத்தில் 1 யார்டு நஷ்டம், அடுத்து பாஸுக்குப் பின்வாங்கியதில் 12 யார்டு சாக், அதன் பிறகு ஹோல்டிங் அபராதம் 10 யார்டு. ஃபீல்டு கோல் தூரம் கைவிட்டுப் போனது, பன்ட் அடித்தார்கள் (பந்தை உதைத்து எதிரணிக்கு விட்டார்கள்). கூடுதல் நேரத்தில் 34-28 தோல்வி.

ஆகவே முன்னிலையில் இருக்கும்போது கேள்வி 'ஓட்டமா பாஸா' அல்ல, 'இந்த அழைப்பில் மிக மோசமாக என்ன நடக்கலாம்' என்பது. ஃபீல்டு கோல் தூரத்தில் இருந்தால் பின்வாங்கி வீசும் பாஸ் வேண்டாம். அதற்காக மூன்று தடவையும் நடுவில் மோதி பன்ட் அடிப்பதும் வழியல்ல. முதல் டவுன் தேவைப்பட்டால், சாக் ஆக வாய்ப்பே இல்லாத வேகப் பாஸோ, ஓரமாக ஓடிக்கொண்டே வீசவோ ஓடவோ முடிகிற பிளேயோ ஒன்று பயிற்சியில் தயாராக இருக்க வேண்டும். ஓடுபவர் கோட்டுக்கு வெளியே போகாமல் உள்ளேயே விழ வேண்டும் என்பதை ஒவ்வொரு தடவையும் ஹடிலில் சொல்லுங்கள். தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் விடும் நாளில்தான் ஒருவர் வெளியே ஓடுவார்.

அறிகுறி: 14 புள்ளி பின்தங்கியதும் ஓட்டம் மறைந்துவிடுகிறது

இரண்டாவது குவார்ட்டரில் 14 பின்தங்குவது இரண்டு டிரைவ் (பந்து நம் கையில் இருக்கும் ஒரு தொடர்) வேலை. இன்னும் ஆறேழு டிரைவ் வரும். அந்த நேரத்தில் ஓட்டத்தைக் கைவிட்டால், எதிரணி எண்டுகள் காதை மடக்கிக்கொண்டு குவார்ட்டர்பேக்கை நோக்கியே வருவார்கள். நான்காவது குவார்ட்டர் பாதி தாண்டி, இரண்டு ஸ்கோருக்கு மேல் வித்தியாசம் என்றால் மட்டுமே பாஸுக்கு முழுதாக மாறுங்கள். அப்போதும் டிஃபென்ஸ் பாக்ஸில் ஐந்து பேரை மட்டும் விட்டுவைத்தால், ஷாட்கன்னிலிருந்து ஓர் ஓட்டம் 8 யார்டு கொடுக்கும்.

ஆட்டத்துக்கு நடுவில் சரிபார்ப்பது

முதல் 15 பிளேக்களை முன்கூட்டியே எழுதி வைப்பதும் பில் வால்ஷ் பரப்பிய பழக்கம். அதைப் புள்ளி எடுக்கும் பட்டியலாக மட்டும் எண்ணாதீர்கள். உங்கள் முக்கிய ஃபார்மேஷன் நான்கையும் முதல் இரண்டு டிரைவிலேயே காட்டிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பாக்ஸில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பந்தைப் பார்க்காமல் எண்ணிக் குறிக்க மேலே பயிற்சியாளர் அறையில் ஒருவரை உட்கார வையுங்கள். பந்து போகும் இடத்தைப் பார்ப்பவருக்கு எண்ணிக்கை தப்பும்.

இடைவேளையில் அவரிடம் மூன்றே கேள்வி: எந்த ஃபார்மேஷனுக்கு பாக்ஸ் குறைந்தது, முதல் டவுனில் வெற்றி எத்தனை, மூன்றாவது டவுனில் சராசரித் தூரம் என்ன. பாக்ஸ் குறைந்த ஃபார்மேஷனிலிருந்து இரண்டாம் பாதியின் முதல் ஓட்டம், பாக்ஸ் கூடிய ஃபார்மேஷனிலிருந்து முதல் பிளே ஆக்‌ஷன்.

ஒரு வாரத்தில் ஒரு அறிகுறியை மட்டும் திருத்துங்கள். மாற்றிய பிறகு இரண்டு ஆட்டம் வரை அதே எட்டு கட்ட அட்டவணையை நிரப்புங்கள். மூன்றாவது டவுன் சராசரித் தூரம் 8-லிருந்து 5-க்கு இறங்கியிருந்தால், ஸ்கோர்போர்டு இன்னும் தோல்வி காட்டினாலும் அதே வழியில் தொடருங்கள். 8-லேயே நின்றால் முதல் டவுன் வரிகளுக்குத் திரும்பிப் போய் பாக்ஸ் எண்ணிக்கையை மறுபடி சரிபாருங்கள். பெரும்பாலும் சேஃப்டி இறங்கியதை எண்ணாமல் விட்டிருப்பார்கள்.